தேறி வருகிறார் என்று யாரும் சொல்லவில்லை

நான் பேசிப் பிழைத்தவன். தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடையில், மெத்தை விரித்த மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை புடவையை விரித்துப் போட்டுப் பேசிக்கொண்டே இருப்பேன். பெண்ணின் தாயார் வாயால் வேண்டாம் என்று சொல்லும்போதே அவர் கை எந்தப் புடவையின் மேல் இருக்கிறது என்று பார்த்துவிடுவேன். அப்படிப்பட்டவனை ஒரு நோய் வந்து பேச்சு மூச்சில்லாமல் போட்டுவிட்டது. பேச்சு மூச்சில்லாமல் என்று சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே இரண்டும் போனது. இப்போது இரண்டும் திரும்பிவிட்டன. பார்க்கிறவர்கள் எல்லாரும் கதை கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு. மழைக்காலத்தில் சென்னையில் யாருக்குத்தான் இல்லை? மோரும் மாத்திரையுமாகச் சமாளித்துவிட்டு வேலைக்குப் போனேன். அது நின்று சில நாள் கழித்துப் பாதத்தில் மரமரப்பு வந்தது. பண்டிகைக் கூட்டத்துக்குக் காலை மடக்கியே உட்கார்ந்திருந்ததன் பலன் என்று நினைத்தேன். ஒரு நாள் ராத்திரி கடை அடைத்துவிட்டு மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது கால் தூக்கவே வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. ஒருவர் குடிகாரன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்திருக்க முடிந்திருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

மறுநாள் கையும் சோர்ந்தது. தெருமுனை டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகைச் சுருட்டிப் படுக்க வைத்துத் தண்டுவடத்துக்குப் பக்கத்திலிருந்து ஊசியால் நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சி, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். என் நரம்பில் அது ஊர்ந்துகொண்டிருந்தது.

நோயின் பெயர் கில்லன் பாரே. பெரிய டாக்டர், நரம்பு நிபுணர், வழுக்கைத் தலை, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். கரண்டு கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு. வயிற்றில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் அந்த உறையைத் தின்னத் தொடங்கிவிடும். கீழேயிருந்து மேலே ஏறும். பிறகு உறை திரும்ப வளரும். ஆனால் எத்தனை நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. நெஞ்சு வரை ஏறினால் மூச்சுக்கு மிஷின் வைக்க வேண்டியிருக்கும் என்றார். ஏறியது. என் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் செருகினார்கள். குழாய் இருக்கும்போது காற்று குரல்வளைக்குப் போகாது, அதனால் பேச்சு வராது. ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள கெட்ட சரக்கை நீக்கி, மறுபடி ஏற்றும் வைத்தியமும் நடந்தது. அந்தச் செலவில் என் மனைவி செண்பகத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

ஐ.சி.யு.வில் எனக்கு அசைந்தது கண்விழி மட்டும்தான். இமைகூட முழுசாக மூடாது. விழியை மேலே தூக்கினால் ஆமாம், பக்கவாட்டில் உருட்டினால் இல்லை. புத்தி மட்டும் சுத்தமாக இருந்தது. காது பாம்புக் காதாக வேலை செய்தது. மூக்கு அரித்தால் சொல்ல ஆளில்லை. சளியை உறிஞ்சும் குழாயைத் தொண்டைக்குள் விடும்போது உயிர் போய்த் திரும்பும், கத்தவும் முடியாது. பயமாக இருந்தது. ஆம்பளை என்று சொல்லி மறைக்க என்ன இருக்கிறது, மிஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு நிமிஷமும் பயந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அந்த மிஷினைக் கழற்றிவிட்டு என் மூச்சை நானே விட வேண்டும்.

அந்த ஆசைக்கு வழி காட்டியவன் பிரபாகர், பிசியோதெரபி செய்கிறவன். அடையாறுப் பையன், வயசு முப்பதைத் தொடவில்லை. தினம் காலையில் வந்து என் கைகாலை மடக்கி நீட்டுவான். மூச்சு கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் தோளும் கழுத்தும் வர வேண்டும், தோள் வந்தால் நெஞ்சு பின்னாலேயே வந்துவிடும் என்றான். தினம் ஒரு முறை தோளைத் தூக்கச் சொல்வான். முதலில் ஒன்றுமே இல்லை. மார்கழி பிறந்தபோது இடது தோளில் ஒரு துடிப்பு. அவன் கையை வைத்துப் பார்த்து, வந்திருக்கிறது என்றான். அடுத்த நாள் அதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையில்லாமல் காதுக்குள் வழிந்தது.

பிரபாகர் கட்டிலோரம் குனிந்து சொன்னான். "அண்ணாச்சி, நேத்தோட இன்னைக்கை ஒப்பிடாதீங்க. போன வாரத்தோட ஒப்பிடுங்க. நடுவுல டல் நாள் வரும். வந்தே தீரும். அதைக் கணக்குல சேக்காதீங்க."

இது எனக்கு நன்றாகவே புரிந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, பட்டு நகராது, நாங்கள் எல்லாம் மேடையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவோம். அதற்காகக் கடையை மூடிவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லையே. தையில் கூட்டம் தள்ளும். அன்றிலிருந்து என் உடம்பை நான் கடை வியாபாரம்போலப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் தோள் துடித்தது. அடுத்த வாரம் தோள் நகர்ந்தது. பிறகு தலையணையில் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினேன். நடுவே சில நாள் ஒன்றும் வராது, போகட்டும் என்று விட்டுவிடுவேன். மார்கழி கடைசியில் பிரபாகர் தலையணையை உருவிவிட்டுத் தலையைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இனிமேல் மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திப் பார்க்கலாம், பெரிய டாக்டரிடம் சொல்கிறேன் என்றான்.

ஆனால் சொல்வதற்குள் அவன் லீவில் போய்விட்டான். தையில் அவனுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை எங்கள் கடைக்கு எதிர்க்கடையில் எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னான். அந்தக் கடைச் சரிகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. விழியைப் பக்கவாட்டில் உருட்டினேன், அவனுக்குப் புரியவில்லை.

இப்போது செண்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குழந்தை இல்லை. இந்த ஊரில் எனக்கு அவள், அவளுக்கு நான். ஐ.சி.யு.வுக்கு வெளியே ஒரு கூடம், அங்கே பாய் விரித்துக் கிடந்தாள். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். வருவாள், என் காலைத் தேய்ப்பாள், விபூதி பூசுவாள், ஊர்ச் செய்தி சொல்வாள். நான் தலையைத் தூக்கிக் காட்டிய அன்று அவள் முகம் மலர்ந்தது. உடனே அந்த முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, சும்மா படுங்க என்று அதட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

காரணத்தை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கூடத்தில் கொட்டிவாக்கத்து அம்மா ஒருவர் இருந்தாராம். வீட்டுக்காரருக்குத் தலையில் அடி. ஒரு நாள் காலை அவர் கண்ணைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மா சந்தோஷம் தாங்காமல் லட்டு வாங்கிவந்து கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தாராம், செண்பகமும் ஒன்று வாங்கித் தின்றிருக்கிறாள். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. யாரும் தங்கள் ஆள் தேவலை என்று சொல்வதில்லை. கேட்டால், அப்படியேதான் இருக்கு என்பார்கள். தேறியவர்கள்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்களாம். எங்கள் கடைத்தெருவில் இது ஒன்றும் புதிதல்ல. கூட்டம் பிதுங்குகிற நாளில் முதலாளியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், ஏதோ ஓடுது என்பார். கண் பட்டுவிடுமே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு.

ஆயா கன்னியம்மாவுக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது. ஒரு நாள் போர்வை மாற்றும்போது, "இன்னா நைனா, மூஞ்சி தெளிவா கீது? சீக்கிரமே எந்திரிச்சி ஊட்டுக்குப் போய்க்கினே இருப்ப பாரு" என்றாள். பக்கத்தில் நின்ற செண்பகத்துக்கு முகம் செத்துப்போனது. அன்று மாலை உள்ளங்கையில் உப்பும் மிளகாயும் மறைத்துக் கொண்டுவந்து, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் எனக்குச் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வரவில்லை, தும்மக்கூட நெஞ்சில் பலமில்லை.

பிரபாகர் போன சில நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீர்க் குழாய் வழியாகப் பிடித்த கிருமி என்றார்கள். காய்ச்சலில் உடம்பு துணியாகக் கிடந்தது. தலை திரும்பவில்லை, தோள் நகரவில்லை. டல் நாள், இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இமை மூடாததால் கண் காய்ந்துவிடும் என்று சாயங்காலமே களிம்பு தடவி, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர் ரவுண்டு வந்தார்.

இருட்டுக்குள் கிடந்து எல்லாவற்றையும் கேட்டேன். அவர் என் கையைத் தூக்கி விட்டார், பொத்தென்று விழுந்தது. தோளைத் தூக்கச் சொன்னார். என் உயிரையெல்லாம் தோளுக்கு அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிசியோதெரபி ஃபைல் அவர்கள் அறையில் இருக்கிறது, இந்நேரம் பூட்டியிருக்கும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். பெரிய டாக்டர் செண்பகத்தை அருகே கூப்பிட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. காய்ச்சலால இன்னைக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல இத்தனை வாரமா இப்படியேதான் இருக்காரா? நடுவுல ஏதாவது முன்னேற்றம் தெரிஞ்சுதா?"

நல்ல கேள்வி. இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்க முடியாது. என் உயிர் அந்தப் பதிலில் இருந்தது. நான் தலையைத் தூக்கியதைக் கண்ணால் பார்த்தவள் பக்கத்தில் நிற்கிறாள். சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்படியேதான் இருக்காக டாக்டர்" என்றாள் செண்பகம். "ஒண்ணும் பெருசா இல்ல."

பிளாஸ்திரிக்கு அடியில் என் விழியைப் பக்கவாட்டில் உருட்டினேன். உருட்டிக்கொண்டே இருந்தேன். யாருக்குத் தெரியும்?

அவர் டியூட்டி டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை வாரமாக அசையவே இல்லை என்றால் இது தானாகச் சரியாகிற வகை இல்லை, நாள்பட நிற்கிற வகையாக இருக்கலாம். அந்த வகைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கேட்கும். மிஷினை நிறுத்திப் பார்க்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம், காய்ச்சல் அடங்கியதும் ஸ்டீராய்டைத் தொடங்கலாம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டார், பதில் வந்தது, அதன்படி செய்தார்.

கோபம் செண்பகத்தின் மேல்தான். கோபம் என்று சொன்னால் போதாது. முதலில் அவள் பொய் சொல்கிறாள் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை நான்தான் கற்பனை செய்துகொண்டேனோ, தலை தூக்கியதெல்லாம் மருந்து மயக்கத்தில் கண்ட கனவோ என்று நினைத்தேன். பிரபாகர் நோயாளிகளுக்கெல்லாம் இப்படித்தான் ஆசை காட்டுவானோ என்றும் நினைத்தேன். அவன் இடத்தில் வந்த பெண் தோளைத் தூக்கச் சொன்னபோது நான் முயற்சியே செய்யவில்லை.  செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது, அதைச் சொல்லக்கூட வாயில்லை.

ஸ்டீராய்டு என் நோய்க்கு ஒன்றும் செய்யவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தது, சர்க்கரையை ஏற்றியது. தை முடிவதற்குள் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆனது. மார்கழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததெல்லாம் போய், தோள் மறுபடி கல்லாகிவிட்டது.

பிரபாகர் கல்யாணக் கயிற்று மஞ்சள் மணிக்கட்டில் வெளுக்காமல் திரும்பி வந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். செண்பகத்திடம் கேட்டான், நான் போகும்போது தலையைத் தூக்கினாரே, நீங்களும் பார்த்தீர்களே, டாக்டரிடம் சொல்லவில்லையா என்று. அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா கண்ணு பட்டுரும்லா தம்பி" என்றாள். அவன் நேராகப் போய் பெரிய டாக்டரைக் கையோடு கூட்டிவந்தான், கூடவே தன் ஃபைலையும்.

டாக்டர் சத்தம் போடவில்லை. அதுதான் செண்பகத்துக்குத் தாங்கவில்லை. "என் கண்ணு பட்டுடும்னு நினைச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"யார் கண்ணுன்னு எனக்கு எப்படி டாக்டர் தெரியும்" என்றாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு வரவில்லை.

ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஒரு துடிப்பு, ஒரு நகர்வு, ஒரு திருப்பு. பங்குனியில் மிஷினை நிறுத்திப் பார்த்தார்கள். முதலில் மூழ்குகிறவன்போல் திணறினேன். அப்புறம் ஒரு நாள் பகல் முழுக்க என் மூச்சில் இருந்தேன். குழாயை எடுத்துத் துளையை மூடிய அன்று எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். செண்பகத்துக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வசவு ஒரு வண்டி தேறும். குரல் கரகரவென்று வந்தது. "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன், அதற்கு மேல் மூச்சு இல்லை. அவள் என் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கோடை நடுவில் இருந்தது. நிமோனியாவில் போன நாட்களின் விலை என் இரண்டு பாதங்களிலும் தெரிந்தது. பாதத்தை மேலே தூக்க முடியாது, நடந்தால் தரையில் இழுபடும். தொடக்கத்திலேயே சரியாகப் போயிருந்தால் இது வந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் என்றார். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். கடை முதலாளி நல்லவர்தான், வந்து பார்த்தார், ஹார்லிக்ஸ் கொடுத்தார். என் இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று என்பதை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லாமல் போனார். பிறகு வேறொருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்.

செண்பகம் என்னைச் சுவரைப் பிடித்து நடக்கப் பழக்கினாள். எத்தனை தூரம், எந்த நாள் மோசம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். நான் கத்துவேன். இன்னைக்கு எப்படின்னு சொல்லித் தொலையேன் என்பேன். போங்க என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். மாதச் சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், டாக்டர் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள், நேற்று யார் கையும் பிடிக்காமல் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாக என்று. சொல்லி முடித்ததும் முடிச்சிலிருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினாள். டாக்டர் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை குளியலறை வாசலில் என் பாதம் மடங்கி விழுந்தேன். கணுக்கால் சடக்கென்றது.

ஆட்டோவில் போகும்போது அவள் என் காலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டி பஜாரில் நெரிசல். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உன்னால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விட்டுவிட்டேன். அவள் அதை நம்ப மாட்டாள். சத்தியமாக, அந்த நேரத்தில் எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லை.

எமர்ஜென்சியில் புது டாக்டர், சின்னப் பெண். கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய சீட்டைப் படித்தாள். படுக்கையிலேயே இருந்தவரா, ஓரளவு நடந்துகொண்டிருந்தவரா, எலும்புக்கு என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது என்றாள். பிறகு செண்பகத்தைப் பார்த்து, விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று கேட்டாள்.

செண்பகம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள், அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளைபோல.

"நல்லா நடந்துட்டு இருந்தாக டாக்டர்" என்றாள். "தினமும் தேறிட்டுத்தான் இருந்தாக."